குழல் பங்கு

மானுக்கு முயல் குண்டைப் போட்டார்கள். தப்பு அதுதான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நடந்ததெல்லாம் அந்தத் தப்பு தன் காலால் நடந்தது, அவ்வளவே.

கேளைக்குழி பத்தொன்பது வீடும் ஒரு டீக்கடையும் ஒரு வாத்தியாரே எல்லா வகுப்பையும் நடத்தும் பள்ளிக்கூடமும் உள்ள மலையூர். மான் சுட அரசாங்கம் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஊருக்கு வருஷம் ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு மான், அதைச் சுட ஒரே ஆள், ஒச்சப்பன். அறுபத்தாறு வயது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பத்து வருஷம். காப்பித் தோட்டத்துத் துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறியபோது பெரிய ரைபிள் ஒன்றையும் சின்ன ரைபிள் ஒன்றையும் லைசென்சோடு அவர் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். துரையிடம் வேலை பார்த்த காலத்திலேயே ஒச்சப்பனுக்கு ஒரு பழக்கம். எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டார். ஒரு தடவை சொல்வார். கேட்டால் கேட்டது. கேட்காவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அந்த ஊரில் மான் விழுந்ததும் முதல் காரியம், ஈரலில் கட்டைவிரல் அளவு நறுக்கி, நெருப்பில் காட்டி, துப்பாக்கிக் குழலின் வாயில் தொட்டு வைப்பது. அதற்குப் பெயர் குழல் பங்கு. அது முடிந்த பிறகுதான் கத்தி வேறெதையும் தொடும். யார் ஏற்படுத்தினார்கள், எதற்காக ஏற்படுத்தினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கட்டைவிரல் அளவுக் கறிக்காக இவ்வளவு பேச்சு யார் பேசுவார்கள்.

அந்தச் சித்திரையில் நாட்டாமை சிவணாண்டி வீட்டு வாசலில் ஊர் கூடியது. விஷயம் குண்டு. போன வருஷம் பெரிய ரைபிளில் சுட்டதில் மானின் வலது முன்னந்தொடை கூழாகிப் போயிருந்தது. அது டீக்கடை மலைராசுவின் பங்கு. மலைராசு அதன் பிறகு அந்தத் தொடையைச் சொல்லாமல் ஒரு டீயும் ஆற்றியதில்லை.

"குண்டா அது? பாறைக்கு வைக்கிற வெடி" என்றார் மலைராசு. "கறி திங்க மானைச் சுடுறமா, இல்ல கறியவே சுடுறமா? அதச் சொல்லுங்க மொதல்ல."

சின்ன ரைபிளின் குண்டுப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒச்சப்பன் கொண்டுவந்தார். கொண்டுவந்திருக்கக் கூடாது. பெட்டியில் மூன்று தினுசு இருந்தது. மூன்றையும் முறத்தில் பரப்பினார்கள். எல்லாமே துவரம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிசு. பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஊரார் ஒவ்வொன்றையும் உருட்டி உருட்டிப் பார்த்தார்கள்.

"இது என்னப்பா?"

"வெறும் ஈயம். உள்ள போயித் தங்கிரும்."

"தங்குனா எவன் பல்லுல அகப்படும்? எனக்கு இருக்கிறதே நாலு" என்றார் கீழ்வீட்டுக் கிழவர். ஈயம் தள்ளுபடியானது.

"இது? மூக்குல குழியா இருக்கே."

"உள்ள போனதும் பூ மாதிரி விரியும்."

"விரிஞ்சா?"

"கறி கிழியும்."

அதுவும் தள்ளுபடியானது. மூன்றாவதற்குச் செம்புப் பூச்சு. வெயிலில் புது மூக்குத்தி மாதிரி மின்னியது.

"இது ஒரு பக்கம் போயி மறுபக்கம் வந்துரும்" என்றார் ஒச்சப்பன்.

"சேதாரம்?"

"ரெண்டு ஓட்டை."

கூட்டத்தில் அத்தனை முகமும் மலர்ந்தது. ரெண்டே ரெண்டு ஓட்டை. மூக்குத்தி போடுகிற அளவுக்கு ஓட்டை. மிச்சமெல்லாம் கறி.

"மான் விழாது" என்றார் ஒச்சப்பன். "இது முயலுக்கு உள்ளது. குண்டு போய்க்கிட்டே இருக்கும்."

"நெஞ்சுல வச்சா எந்தக் குண்டும் குண்டுதான்" என்றார் வாத்தியார். வாத்தியார் ஆயுளில் கல்லால்கூட எதையும் அடித்ததில்லை. ஒச்சப்பன் அவரைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை ஒரு தடவை சொல்லியாயிற்று. துண்டை உதறினார்.

அதோடு விட்டிருந்தால்கூட வேறு. ஊருக்கு இன்னொரு யோசனை வந்தது. வருஷா வருஷம் மானை விழுத்தாட்டிவிட்டுக் கறிமேல் நின்றுகொண்டு சண்டை போடுகிறோம், இந்தத் தடவை பங்கை முன்னாடியே பிரித்துவிட்டால் என்ன என்று. வாத்தியார் நோட்டைத் திறந்தார். காட்டில் எங்கோ மேய்ந்துகொண்டிருந்த, இன்னும் யாரும் கண்ணாலும் பார்க்காத மான் ஒன்று அங்கே வாசலில் தொடை தொடையாக, விலா விலாவாக, பேர் பேராக நோட்டில் ஏறியது. ஒச்சப்பனின் அக்கா அங்குத்தாய் வீடு வரும்போது வாத்தியார் பேனாவைத் தூக்கினார். ஒற்றை ஆள் வீட்டைத் தள்ளினால் எலும்பை உடைக்காமல் பதினெட்டாக அழகாகப் பிரிகிறது என்றார். ஒச்சப்பனும் ஒற்றை ஆள்தான், ஆனால் சுடுகிறவனுக்குக் கழுத்து என்பது தனி ஏற்பாடு. அங்குத்தாயைத் தள்ளினார்கள். என் கழுத்தில் பாதி அக்காவுக்கு என்று ஒச்சப்பன் மனசுக்குள் நினைத்துக்கொண்டார். மனசுக்குள் நினைத்ததால் அது நோட்டில் ஏறவில்லை.

"குழலுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

நாட்டாமை முறத்திலிருந்து செம்புக் குண்டை இரண்டு விரலால் எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினார். "இந்தப் பருப்புக்கா பங்கு?"

சிரித்தார்கள்.

"ஈரல் முழுசா நம்ம வீட்டுக்கு" என்றார் நாட்டாமை. "இவளுக்கு ரத்தம் பத்தலையாம். டவுன்ல டாக்டர் ஈரல் குடுக்கச் சொல்லிருக்காரு."

இவள் என்றது நாட்டாமை வீட்டம்மாவை. அந்த அம்மா அப்போது மோர்ச் சொம்போடு அங்கேதான் நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"இந்தா, மோரக் குடுத்துட்டு உள்ள போ" என்றார் நாட்டாமை. வாய் மூடிக்கொண்டது.

மறுநாள் காலையில் ஆமைப்பாறை மேல் ஒச்சப்பன் குந்தியிருந்தார். கீழே பீன்ஸ் தோட்டத்தில், நாற்பது தப்படியில், புள்ளிமான் ஒன்று விலாவைக் காட்டிக்கொண்டு மேய்ந்தது. மானுக்குப் பின்னால் சரிவு, சரிவுக்குப் பின்னால் ஊர்.

"ஊர்ப் பக்கம் பார்த்துச் சுட மாட்டேன்" என்றார்.

"இந்தப் பருப்பு ஊர் வரைக்கும் போகவா போகுது. சுடுப்பா" என்றார் பின்னால் கையில் சாக்குப்பையோடு உட்கார்ந்திருந்த மலைராசு.

ஒச்சப்பன் ஒரு தடவை சொல்லியாயிற்று. சுட்டார்.

சத்தம் கேட்டது. கொஞ்சம் புகை வந்தது. புகைக்குப் பின்னால் குண்டும் வந்தது. வந்து, குழலின் வாயிலிருந்து ஒரு விரல் தள்ளி, வெறும் காற்றில், மூக்கை மானைப் பார்த்து வைத்துக்கொண்டு நின்றது. மான் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி பீன்ஸைத் தின்றது.

"நிக்குதா?" என்றார் மலைராசு.

ஒச்சப்பன் குனிந்து ஒரு கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போகுது" என்றார்.

வாத்தியார் அடிக்கோலைக் கொண்டுவந்து காலையிலும் சாயங்காலமும் அளந்து, நாளைக்கு ஒரு சாண் என்று சொன்னார். வெயில் மழை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது, நாளைக்கு ஒரு சாண். ஊர் முதல் இரண்டு நாள் பாறைமேல் நின்று வேடிக்கை பார்த்தது, மூன்றாம் நாள் களையெடுக்கப் போனது, நான்காம் நாள் களையெடுத்துவிட்டுத் திரும்பும்போது குண்டைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு வர ஒரு ஒற்றையடித்தடம் விழுந்திருந்தது, பத்தாம் நாள் அந்தத் தடத்துக்கு மேலத்தடம் என்று பேர் இருந்தது, ஒரு மாசத்தில் அந்தத் தடம் எந்தக் காலத்திலிருந்து இருக்கிறது என்று இரண்டு பேருக்குள் வாக்குவாதம் வந்தது. குண்டின் சூடு ஆறவில்லை என்று கண்டுபிடித்த மலைராசு அதில் பீடி பற்றவைத்தார், அவரைப் பார்த்து எல்லோரும் பற்றவைத்தார்கள், தீப்பெட்டி வாங்குவது ஊரில் பாதியாகக் குறைந்தது. அது வண்டு மாதிரி மெல்ல இரைந்துகொண்டே இருந்ததால் தூங்காத பிள்ளைகளைப் பகலில் அதன் பக்கத்து மரத்தில் தொட்டில் கட்டிப் போட்டார்கள். ஈரத்துணியை அதன்மேல் உலர்த்தினார்கள், காய்ந்ததும் ஓட்டையோடு எடுத்துக்கொண்டார்கள். எந்தக் காரியத்துக்குக் கிளம்பினாலும் குண்டுக்குப் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போவது நல்லது என்றும் முன்னால் குறுக்கே போவது ஆகாது என்றும் ஆனது. ஆகாது என்பதற்கு வேறு காரணமும் இருந்தது, ஆனால் அதை யாரும் சொல்லவில்லை.

ஆனி மாசம் காட்டிலாகா கார்டு வந்தார். ஒரு காது அவருக்கு மந்தம். சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"சுட்டாச்சா?"

"ஆச்சு" என்றார் ஒச்சப்பன்.

"மான் விழுந்துச்சா?"

"குண்டு இன்னும் போயிச் சேரல."

கார்டு பாறைச் சரிவில் இறங்கிப் போய்ப் பார்த்தார். பீடி ஒன்று பற்றவைத்துக்கொண்டார். திரும்பி வந்து சீட்டின் பின்பக்கம், 'குண்டு வழியில் உள்ளது, முடிவு தெரிந்ததும் பதியப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, மேலத்தடத்திலேயே திரும்பிப் போனார். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மான் விஷயம்தான் ஊருக்குப் பெரிய வேலையாகிப்போனது. குண்டு போய்ச் சேர நூற்றுச் சொச்சம் நாள் ஆகும். அதுவரை மான் அங்கேயே நிற்க வேண்டுமே. உப்பு வைத்தார்கள். பீன்ஸ் வைத்தார்கள். மான் பழகிவிட்டது. யார் வீட்டுக்கும் போகும், யார் கையிலும் தின்னும். ஆனாலும் நோட்டு நோட்டுதான். இடது பின்னங்காலில் முள் குத்தியபோது இடது பின்னங்கால் வீட்டார் மட்டுமே வந்து மஞ்சள் வைத்துக் கட்டினார்கள், வலது பின்னங்கால்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விலாவில் உண்ணி ஏறியபோது விலாக்காரி எண்ணெய் தடவினாள், தன் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு வழியவிடவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த ஒருவர் சீரோடு சீராக வலது விலாவில் பாதியை எழுதிக் கொடுத்தார், மாப்பிள்ளை வீட்டார் வந்து விலாவைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகப் போனார்கள். ஈரலை மட்டும் யாரும் பார்க்க முடியவில்லை. நாட்டாமை தினமும் சாயங்காலம் வந்து மானின் வயிற்றுப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனார். கழுத்தை யாரும் கவனிக்கவில்லை. ஒச்சப்பன் அந்தப் பக்கமே வரவில்லை.

ஆவணிக் கடைசியில் அந்த நாள் வந்தது. வீட்டுக்கு வீடு மசாலா அரைத்தாயிற்று. குண்டு மானின் இடத்துக்கு முன்னால் நாலு விரல் தூரத்தில் இருந்தது. மானை நிறுத்தி, அவரவர் பங்கை அவரவர் பிடித்துக்கொண்டார்கள். தொடைக்காரர் தொடையை, விலாக்காரி விலாவை, குளம்புக்காரர் குளம்பை. மதியம் குண்டு மயிரைத் தொட்டது.

"ஒச்சப்பா, கழுத்தப் பிடி" என்றார் நாட்டாமை.

"சுடுறதுதான் எனக்குள்ள வேலை. பிடிக்கிறது இல்ல."

"உன் பங்குப்பா அது."

ஒச்சப்பன் துண்டை உதறினார். அடுத்தவர் பங்கில் கை வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. நாலு மாசம் காத்து வந்த ஒழுங்கு. மான் கழுத்தைத் திருப்பி, குண்டின் சூட்டு முனையில் விலாவை இதமாக இரண்டு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டு, கழுத்தை ஒரு வெட்டு வெட்டிப் பதினேழு பேரையும் கீழே தள்ளிவிட்டுச் சரிவில் ஏறிப் போய்விட்டது. குண்டு மான் நின்ற இடத்தை மறுநாள் கடந்தது.

அரைத்த மசாலாவை என்ன செய்வது என்ற பேச்சு ஓய்ந்த பிறகுதான் வாத்தியாருக்கு அது தோன்றியது. "இனி எங்க போகும்?"

ஒச்சப்பன் சணல் கயிறு ஒன்றை எடுத்தார். ஆமைப்பாறையில் ஒரு முனையைக் கட்டினார். குண்டின் ஓரமாகவே பிடித்து, பீன்ஸ் தோட்டம் தாண்டி, டீக்கடைப் பந்தலின் இரண்டு காலுக்கு நடுவே, பள்ளிக்கூடத்தின் ஒரு சுவரில் தொடங்கி மறு சுவரில் விட்டு, மறுபடி பிடித்து, ஊரின் கடைசியில் ஒரு மண்சுவரில் கொண்டுபோய் வைத்தார். அது அங்குத்தாய் வீட்டு அடுப்படிச் சுவர். உள்ளே போய்ப் பார்த்தார். சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்பு, அடுப்புக்கு முன்னால் பலகை, பலகைமேல் அக்கா. நின்றால் தொடை. உட்கார்ந்தால் நெஞ்சு.

அங்குத்தாய்க்கு எழுபது வயது. அவரும் ஒரு தடவைக்கு மேல் எதையும் சொல்லாத வம்சம்தான், ஆனால் அந்த ஒரு தடவையை நீட்டிச் சொல்வார்.

"அக்கா, அடுப்ப இந்தச் சுவத்துக்கு மாத்திக்க."

"எதுக்கு?"

"குண்டு வருது."

"யாரு சுட்டது?"

ஒச்சப்பன் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார்.

"மானுல எனக்குப் பங்கில்ல. குண்டுல மட்டும் எனக்குப் பங்காடா?" என்றார் அங்குத்தாய், கேப்பைக்கூழைத் துழாவிக்கொண்டே. "நாப்பது வருசமா இந்தப் பலகையில உக்காந்து ஒல வைக்கிறேன். ஒங்க மாமா செத்தன்னைக்கும் இங்கதான் உக்காந்திருந்தேன். நான் எங்க உக்காரணும்னு ஒரு பருப்பு வந்து சொல்லுமாக்கும். நீ போயி குண்ட மாத்து. நான் அடுப்ப மாத்த மாட்டேன்."

துண்டை உதறவும் தோன்றாமல் ஒச்சப்பன் வெளியே வந்தார்.

குண்டை மாற்றப் பார்த்தார். இரண்டு எருமையைப் பூட்டி இழுத்தார். கயிறு கருகியது. கடப்பாறையால் நெம்பினார். கடப்பாறை வளைந்தது. அம்மிக்கல்லை நிமிர்த்திக் குறுக்கே வைத்தார். குண்டு அம்மிக்குள் நுழைந்து, உள்ளே ஒரு நாள் இருந்து, அதே வேகத்தில் மறுபக்கம் வெளியே வந்தது. அம்மிக்காரி அதற்குப் பிறகு அந்த ஓட்டையில் கயிறு கோத்து மாட்டைக் கட்டிக்கொண்டாள். மார்கழிக் கடைசியில் குண்டு டீக்கடைக்குள் போனது. மலைராசு பாய்லரைத் தள்ளி வைத்து, அது கடையைக் கடக்கிற வரை தினமும் பால் தூக்கை அதில் மாட்டிச் சூடாக வைத்துக்கொண்டார். பொங்கலுக்கு அதற்குப் பொட்டு வைத்தார். மாசியில் பள்ளிக்கூடத்துச் சுவரைத் துளைத்து உள்ளே வந்து, வாத்தியாரின் நாற்காலிக்கும் கரும்பலகைக்கும் நடுவே போனது. ஒரு சாண் என்பது எவ்வளவு என்று அந்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்ட எந்தப் பிள்ளையும் தப்பாகச் சொல்லவில்லை.

"உங்க அக்காவுக்கு வீம்பு" என்றார்கள் ஊரில். "நகந்து உக்காந்தா முடிஞ்சுபோகுது." அவ்வளவுதான் ஊர் அதைப்பற்றி நினைத்தது.

பங்குனியில் குண்டு அங்குத்தாய் வீட்டுச் சுவரைத் தொட்டபோது ஒச்சப்பன் நாட்டாமை வீட்டுக்குப் போனார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை கேட்கப் போனார். வழியெல்லாம் காறிக் காறித் துப்பிக்கொண்டு போனார். நாட்டாமை வாசலில் கயிற்றுக்கட்டிலில் இருந்தார்.

"குழலுக்கு?" என்றார் ஒச்சப்பன்.

"என்னப்பா?"

"குழல் பங்கு. குடுக்கல. அதான் இப்படி. ஈரல்ல கட்டைவிரல் அளவு விட்டுக்குடும். வாயால சொன்னாப் போதும். வாயாலதான எடுத்தீரு."

நாட்டாமை மீசையைத் தடவிக்கொண்டார்.

"நீ சொல்றது சரின்னே வச்சுக்குவோம். ஆனா நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? நாட்டாமை, வீட்டுல சீக்காக் கிடக்கிறவ வாயிலிருந்து புடுங்கி இரும்புக்குக் குடுத்தான்னு சொல்லும். எனக்கா கேக்குறேன்? நானா திங்கப் போறேன்? எல்லாம் இவளுக்காக."

"மானே இல்ல நாட்டாமை. ஓடிருச்சு."

"மான் ஓடும். பங்கு ஓடுமா?"

நாட்டாமை வீட்டம்மா கதவோரம் நின்றார். கையில் மோர்ச் சொம்பு. வாயைத் திறந்தார்.

"இந்தா, அவருக்கு மோரக் குடுத்துட்டு உள்ள போ."

ஒச்சப்பன் மோரை வாங்கவில்லை. எழுந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு நிற்பதைப் பார்த்திருப்பார்.

ஊர் நல்லெண்ணத்தில் குறைவு வைக்கவில்லை. தங்கள் பங்கில் கொஞ்சம் குழலுக்குக் கொடுக்கச் சிலர் முன்வந்தார்கள். மலைராசு முன்னந்தொடையில் ஒரு கீற்று என்றார், விலாக்காரி கொழுப்பில் கொஞ்சம் என்றாள். ஒச்சப்பன் தன் கழுத்தை முழுசாகவே கொடுப்பதாகக் குண்டின் முன்னால் நின்று உரக்கச் சொன்னார். குண்டு கேட்டமாதிரி இல்லை. அதற்கு உள்ளது ஈரல். தொடையும் கழுத்தும் யாருக்கு வேண்டும்.

சித்திரை பிறந்து மூன்றாம் நாள் காலையில் குண்டு அடுப்பைத் தாண்டியது. அங்குத்தாய் பலகையில் உட்கார்ந்து அவருடைய கூழைத் துழாவிக்கொண்டிருந்தார். ஒச்சப்பன் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, அக்காவுக்கும் குண்டுக்கும் நடுவில், குண்டைப் பார்த்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்னடா இது?"

"சுட்டது நான்."

"எந்திரி. மறைக்குது."

"நீ எந்திரி."

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. கூழ் கொதித்தது. வாசலில் ஊர் கூடியது. வாத்தியார் அடிக்கோலோடு வந்து அளந்து, விளக்கு வைக்கிறதுக்குள் சட்டையைத் தொடும் என்று சொன்னார். யாராவது ஒருவர் இருவரையும் இழுத்து வெளியே போட்டிருக்கலாம். ஆனால் உடன்பிறந்தவர்கள் சண்டை, நடுவில் போனால் நாளைக்கு இரண்டு பேரும் ஒன்றாகி நம்மை ஏசுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆளாளுக்கு வருத்தப்பட்டார்கள். வெயில் ஏறியது. குண்டு இரைந்துகொண்டே வந்தது. மதியம் தாண்டி அது ஒச்சப்பனின் இரண்டாவது பொத்தானுக்கு ஒரு விரல் இந்தப் பக்கம் இருந்தது. பொத்தான் சூடாகி நெஞ்சில் சுட்டது. ஒச்சப்பன் அசையவில்லை. அவர் தோளுக்கு மேலால் கை நீட்டி அங்குத்தாய் கூழைக் கிண்டினார்.

அப்போது வாசல் கூட்டம் விலகியது. நாட்டாமை வீட்டம்மா உள்ளே வந்தார். பின்னாலேயே நாட்டாமையும் வந்தார். "இந்தா, உனக்கு இங்க என்ன வேலை" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பண்டையில் குனிந்து குண்டைப் பார்த்துச் சொன்னார்.

"ஈரல் எனக்குன்னுதான சொன்னாங்க. எனக்கு ஈரலே ஆகாது. சின்னதுலருந்து வாடை பட்டாலே ஓங்கரிச்சு வந்துரும். நீயே எடுத்துக்க."

ஓர் இமைப்பொழுது ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரைச்சல் நின்றது. ஒரு வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது மறந்துபோயிருந்த இரைச்சல் நின்றதும் ஊருக்கே காது அடைத்த மாதிரி இருந்தது. குண்டு கீழே விழுந்தது. பருப்பு விழுகிற சத்தம்தான் கேட்டது. உருண்டு ஒச்சப்பனின் மடியில் கிடந்தது. தொட்டார். ஆறியிருந்தது.

"கூழ் அடிப்பிடிச்சிருச்சு" என்றார் அங்குத்தாய். சொல்லிவிட்டுத் தம்பியின் தலையில் அகப்பைக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஆகாதுன்னா அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான?" என்றார் நாட்டாமை.

அந்த அம்மா வெளியே போகும்போது நிலைப்படியில் ஒச்சப்பன் குறுக்கே வந்து நின்றார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. குரல் தாழ்த்திக் கேட்டார். அந்த அம்மா, ரொம்ப நாளாக யாரும் கேட்காத ஒன்றைப் பெட்டியின் அடியிலிருந்து எடுப்பது போல எடுத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் கார்டு வந்தார். ஊர் நாட்டாமை வீட்டு வாசலில் கூடியிருந்தது. புது வருஷத்துச் சீட்டுக்குக் குண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன வருஷத்துப் பங்கு போன வருஷத்து மானில் அப்படியே நிற்கிறது, அதைக் கழிக்காமல் புதிதாகப் பிரிக்க முடியுமா என்று வாத்தியார் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல வேளையாக அதற்கு முடிவு வரவில்லை. கார்டு பழைய சீட்டை விரித்து வைத்துக்கொண்டார்.

"குண்டு?"

ஒச்சப்பன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"மான்?"

"காட்டுல."

"குண்டு எப்படி நின்னுச்சு? தானாவா? எழுதணும்ல."

"இல்லைங்க. விழ வச்சாங்க" என்றார் மலைராசு.

"யாரு?"

"நாட்டாமை வீட்டம்மா" என்றார்கள் நாலைந்து பேர்.

"வீட்டம்மான்னு எழுத முடியாதுய்யா. பேரு?"

ஊர் நாட்டாமையைப் பார்த்தது. நாட்டாமை மீசையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார். முப்பது வருஷமாக இந்தா என்று கூப்பிட்டாலே அந்த அம்மா வந்துகொண்டிருந்தார். கதவோரம் மோர்ச் சொம்பு ஒன்று அசையாமல் நின்றது.

ஒச்சப்பன் சொன்னார்.

கார்டுக்குச் சரியாக விழவில்லை. மந்தக் காதுப் பக்கம். பேனாவைச் சீட்டில் வைத்தபடி, "என்னது?" என்று கையைக் காதில் குவித்தார்.

ஊர் ஒச்சப்பனின் துண்டைப் பார்த்தது. துண்டு தோளிலேயே கிடந்தது. அவர் கார்டின் நல்ல காதுப் பக்கமாகச் சுற்றி வந்து நின்றுகொண்டு, நிதானமாக, எழுத்தெழுத்தாக, இரண்டாவது தடவை சொன்னார்.

"சுருளியம்மா."